கொடி ஆடியே தீர வேண்டும்

திரை நாற்பதாவது வரியில் நின்றுவிட்டது. நின்று பத்து நிமிடம் ஆகிறது.

மைதானத்தில் முந்நூறு கம்பங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு பெர்குதுத் புறா. புறாக்கள் பாவம், தம் பாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்தன. சொந்தக்காரர்கள் முந்நூறு பேரும் புறாவை விட்டுவிட்டுத் திரையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த குணாதிக்கு வியர்த்துக் கொட்டியது.

ஜாவாவில் எங்கள் பந்துல் பக்கத்தில் புறாப் போட்டி என்றால், நல்ல குரலுக்கு நடுவர்கள் கம்பத்தில் கொடி செருகுவார்கள். கொடியின் நிறம்தான் மதிப்பெண். எவனுக்கும் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. இந்த வருடம்தான் சங்கத் தலைவர் சுரோசோவுக்கு ஆசை வந்தது. பெரிய திரை வேண்டும், அதில் பட்டியல் உருண்டு போக வேண்டும், கட்டத்துக்குக் கட்டம் குட்டிக் கொடி வேண்டும், அந்தக் கொடி காற்றில் ஆட வேண்டும் என்றார். வெறும் எண்ணைப் போட்டால் போதுமே என்று குணாதி சொல்லிப் பார்த்தான்.

"எண்ணைப் பார்க்கணும்னா நான் வீட்டுல கரண்ட் பில்லைப் பார்த்துக்கறேன், மாஸ். கொடி ஆடணும்."

வயதுப் பையனை எங்கள் ஊரில் 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் குணாதி கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டியிருப்பான். ஆனால் சுரோசோவின் மகள் வெனிங்கை அவன் மூன்று வருடமாகக் காதலிக்கிறான். அவரும் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். திரை ஒழுங்காக ஓடினால் அடுத்த ஞாயிறு அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்க வரலாம். சங்கத்தார் முன்னால் அவர் தலை குனியும்படி ஆனால், அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது.

முதல் சுற்று முடிந்ததும் குணாதி தான் எழுதிய புரோகிராமைத் திறந்து பார்த்தான். கோளாறு உடனே தெரிந்தது. திரையில் தெரிவது பதினைந்து வரி. புரோகிராமோ முந்நூறு புறாவுக்கும் நாலு சுற்றுக்குமாக ஆயிரத்து இருநூறு கட்டங்களையும் ஓயாமல் வரைந்து, யாருமே பார்க்காத கொடிகளையும் ஆட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? கண்ணில் படும் பதினைந்து வரியை மட்டும் வரைந்தால் போதும் என்று மாற்றினான்.

இரண்டாம் சுற்றில் பட்டியல் ஓடத்தான் ஓடியது. ஆனால் ஒவ்வொரு வரியும் வெறுமையாக வந்து, ஒரு நொடி கழித்துத்தான் கொடி முளைத்தது. அந்த ஒரு நொடியை எங்கள் ஆட்கள் பொறுப்பார்களா? தன் புறாவின் கொடியை யாரோ பிடுங்கிவிட்டதாக ஒருவர் மேடைக்கு ஓடி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் கொடி முளைத்துவிட்டது. இப்போது தன்னைப் பார்த்ததும் பயந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டார்கள் என்று அதற்கும் சேர்த்துக் கத்தினார். அவரைப் பார்த்து இன்னும் நாற்பது பேர் வந்தார்கள். சுரோசோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி குணாதியை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

ஒவ்வொரு வரியையும் புதிதாகப் பிறப்பிப்பதால்தானே அந்தத் தாமதம்? அதே பதினைந்து வரியையே சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தினால் தீர்ந்தது. மேலே போய் மறையும் வரியைக் கீழே கொண்டுவந்து, பழைய புறாவின் பெயரை எடுத்துவிட்டுப் புதுப் புறாவின் பெயரையும் கொடியையும் மாட்ட வேண்டியதுதான். அவசர அவசரமாக எழுதிப் போட்டான்.

மூன்றாம் சுற்றில் பட்டியல் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கொடிகள் அழகாக ஆடின. கூட்டம் கைதட்டியது. இனிப்புத் தேநீர் ஒரு கிளாஸ் தானாக அவன் மேஜைக்கு வந்தது. நான்காம் சுற்று முடியும் வரையில் ஒரு புகார் கூட இல்லை. எப்படி வரும்? கொடி போனவன்தான் சண்டைக்கு வருவான். வராத கொடி வந்தவன் வாயைத் திறப்பானா?

வம்பு ஒலிபெருக்கியில் வந்தது. அறிவிப்பாளர் கஸியோவுக்கு நடுவர் தாளைப் படிக்கும் பழக்கம் கிடையாது, திரையைப் பார்த்தே பேசுவார். அவர் கண்ணில் 212 பட்டது. நாலு சுற்றிலும் மூவண்ணக் கொடி, அதாவது அதற்கு மேல் மதிப்பெண்ணே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் பரிசு 212, சொந்தக்காரர் நம் தலைவர், மதிப்புக்குரிய பாக் சுரோசோ என்று முழங்கினார். வழக்கப்படி கூண்டை இறக்கிப் புறாவின் கால் வளைய எண்ணைச் சரிபார்க்க நடுவர்கள் வரவேண்டும் என்றும் சொன்னார்.

கம்பத்தை அண்ணாந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, மைதானமே ஆர்ப்பரித்தது. சுரோசோ மட்டும் சிலைபோல நின்றார். இப்போது என்ன அவசரம், எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வளையத்தைப் பார்க்கலாமே என்று நடுவர்களிடம் குழறினார். மகிழ்ச்சியில் மனிதருக்கு நாக்கு புரளவில்லை என்று குணாதி நினைத்துக்கொண்டான்.

பிறகுதான் அவனுக்குப் பொறி தட்டியது. 212-க்கு நடுவர்கள் ஒரு கொடி கூடத் தந்ததாக அவனுக்கு நினைவில்லை. மதிப்பெண்களைத் தட்டியவனே அவன்தான். குனிந்து புரோகிராமைப் பார்த்தான். புதுப் புறாவுக்குக் கொடி இருந்தால் பழைய கொடி மாறும். கொடியே இல்லாவிட்டால்? அந்த வரியில் முன்பு குடியிருந்த புறாவின் கொடி அப்படியே நின்றுவிடும். பதினைந்து கழித்தால் 197. தொஃபு விற்கும் வகியோவின் புறா. அது திரையில் வந்து போனபோது கஸியோ தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வகியோ தன் கம்பத்தடியில் நின்று விரல்விட்டுக் கொடிகளை எண்ணிக்கொண்டும், மேடையைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் மாமனாருக்கு முதல் பரிசு, மருமகனுக்கு வெனிங். வாயைத் திறந்தால் இத்தனை பேர் முன்னால் மாமனாரின் மானம் போகும், மாமனாரே போய்விடுவார். குணாதி வெனிங்கை நினைத்தான். வகியோவைப் பார்த்தான். சனியனே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, புதுப் பெயரை மாட்டுமுன் பழைய கொடிகளைத் துடைத்துவிடச் சொல்லி ஒரே ஒரு வரி சேர்த்தான். எழுந்து போய் கஸியோவிடமிருந்து மைக்கை வாங்கினான்.

"தப்பு என்னோடது. அந்தக் கொடியெல்லாம் 197-ஓடது. பாக் சுரோசோ புறாவுக்கு... ஒண்ணும் இல்லை."

திரை மறுபடி உருண்டது. 212 மொட்டையாக வந்தது. நாலு சுற்றிலும் ஒரு கொடி இல்லை. 212-இன் கம்பத்து ஏணியில் கால் வைத்திருந்த நடுவர் இறங்கி 197-ஐ நோக்கி நடந்தார். வகியோ அழுதுவிட்டார். கூட்டமெல்லாம் சுரோசோவின் முகத்தைப் பார்த்தது.

சுரோசோ நேராகக் குணாதியிடம் வந்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவரோ இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

"அடுத்த ஞாயிறு எதுக்கு, மாஸ்? நாளைக்கே உங்க அப்பா அம்மாவை வரச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுத் தன் கூண்டைத் தானே கிடுகிடுவென்று இறக்கி, அதன்மேல் துணியைப் போர்த்தி வண்டியில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டார். குணாதி அப்படியே பெஞ்சில் சாய்ந்து நீண்ட மூச்சு விட்டான். சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்த சுரோசோவின் மனைவி அவனுக்கும் ஒன்றை நீட்டினார். அதை வாங்கும்போது அவன் கண் கலங்கியே விட்டது.

"தோத்ததுக்கு ஒரு மனுஷன் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை, இபு. என்ன ஒரு பெரிய மனசு."

அந்த அம்மாள் இருபக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவர் புறா செவ்வாய்க்கிழமையே பறந்துபோச்சு, மாஸ். தலைவர் கம்பம் காலியா இருக்கக் கூடாதேன்னு நான்தான் சந்தையில ஒரு பெட்டையை வாங்கி அடைச்சேன். அதுக்கு வளையமும் கிடையாது, வாயும் கிடையாது."