காரிமங்கலம் சந்தையில் இராசவள்ளிக் கஞ்சி

விற்கத் தெரியாமல் சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விலை தெரியாமல் ஏமாந்தவர்களையும் பார்த்திருப்பீர்கள். கிழங்கு விற்கப் போன இடத்தில் ஒரு வழிபாட்டைத் தொடங்கிவைத்துவிட்டு, வெறும் பானையோடு பஸ் ஏறி வந்தவள் அநேகமாக நான் ஒருத்திதான். இத்தனைக்கும் நான் பி.காம். படித்தவள். சந்தையியல் என்று தனிப் பாடமே இருந்தது, வகுப்பில் நான்தான் முதல். (காரிமங்கலம் சந்தை அந்தப் பாடப் புத்தகத்தைப் படித்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

என் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்துப் பக்கம் மீசாலை என்ற ஊரிலிருந்து படகேறி வந்தவர்கள். நான் பிறந்தது தர்மபுரி மாவட்டத்து முகாமில். முன்பு அதற்கு அகதி முகாம் என்று பெயர், இப்போது மறுவாழ்வு முகாம். (பெயர்ப் பலகைக்கு மறுவாழ்வு கிடைத்துவிட்டது, மற்றதெல்லாம் மெதுவாக வரும் என்பார் அப்பா.) வீட்டுக்குள் 'ஓம் அப்பா' என்பேன், வாசலைத் தாண்டினால் 'ஆமாங்கண்ணா' என்பேன். மீசாலையை நான் பார்த்ததே இல்லை. ஆனால் எந்த வேலிக்குப் பின்னால் எந்த மாமரம், எந்தக் கிணற்றில் தண்ணீர் இனிக்கும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அப்பா அவ்வளவு சொல்லியிருக்கிறார்.

எங்கள் பெயரில் நிலம் வாங்க வழியில்லை. அதனால் உள்ளூர்க்காரரான மாதையன் அண்ணனின் நிலத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து அப்பா விவசாயம் செய்தார். தக்காளி, அவரை, கத்தரி, மானாவாரியில் கேழ்வரகு. இந்த மண்ணுக்கு எது வருமோ அதைப் போட்டு, காரிமங்கலம் சந்தையில் விற்றோம். அதில் ஒரு குறையும் இல்லை. குறை, வேலியோர மூலையில் இருந்தது.

அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருமுறை ஊரிலிருந்து திருச்சிக்கு வந்தபோது, பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே ஒரு துண்டு இராசவள்ளிக் கிழங்கைச் சுற்றி எடுத்துவந்தார். வெளியே கறுப்பாக, மண்ணும் மயிருமாக இருக்கும். வெட்டினால் உள்ளே நாவல்பழ நிறம். எங்கள் ஆட்கள் அதைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, சீனி போட்டுக் கஞ்சி காய்ச்சுவார்கள். அப்பா அந்தத் துண்டை வேலியோரம் நட்டு, கொடி ஏற கம்பு ஊன்றி, வைக்கோல் போட்டு மூடி, தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் பிறந்தபோதுகூட அவ்வளவு கவனிப்பு இருக்கவில்லை என்று அம்மா சொன்னாள். முதல் சில வருடங்கள் தோண்டியதையெல்லாம் மறுபடி விதைக்கே எடுத்து வைத்தார். படகேறிய நாளிலிருந்து ஒரு வாய் கஞ்சி அவர் குடித்ததில்லை. "பெருகட்டும் பிள்ளை, ஆறுதலாக் குடிப்பம்" என்பார். (ஆறுதலாக என்றால் எங்கள் பேச்சில் சாவகாசமாக.) மூலை முழுக்கக் கொடி நிறைந்தது.

மாதையன் அண்ணனின் மனைவி கெம்பம்மா அக்காவுக்கு அந்த மூலைமேல் ஒரு கண். கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற நல்ல மண். சந்தையில் எங்களுக்குப் பக்கத்திலேயே தக்காளிக்கூடை வைத்து உட்காருகிறவர் அவர்.

"அண்ணே, ஆசைக்கு வளத்தீங்க, நானும் ஒண்ணும் சொல்லல. இந்தப் பண்டிகைக்குள்ள அந்தக் கெழங்கைச் சந்தையில வித்துக் காட்டுங்க. இல்லேன்னா அந்த மூலையில தக்காளி நட்டுக்கறேன்," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் அநியாயம் எதுவும் இல்லை. அதுதான் அப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

முதல் வாரம் கிழங்கைப் பச்சையாகவே கொண்டுபோய்க் குவித்தோம். ஒருவர் குனிந்து பார்த்து, "என்னாங்க இது, கரடிக் காலு மாதிரி இருக்குது?" என்றார். வெட்டிக் காட்டினேன். "சாயம் ஏத்தியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு கிழங்குகூடப் போகவில்லை.

அங்கேதான் என் படிப்பு விழித்துக்கொண்டது. வாடிக்கையாளருக்கு முதலில் மாதிரி கொடுக்க வேண்டும். ருசி பிடித்தால் பொருள் தானாகப் போகும். அத்தியாயம் எண்கூட நினைவில் இருந்தது. "கஞ்சி காய்ச்சி எடுத்துட்டுப் போவோம். எல்லாருக்கும் ஒரு வாய் குடுப்போம். அப்புறம் பாருங்க," என்றேன். அப்பா என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அம்மா, அலுமினியத்தில் காய்ச்சினால் ருசி மாறும் என்று புது மண்பானையில் காய்ச்சினாள். பானையின் வாயைக் கட்டச் சுத்தமான துணி கிடைக்கவில்லை. ஏதோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பையைப் பிரித்துக் கட்டினாள். பங்குனி மாதம், ஈ மொய்க்கும். அதனால் பானையைச் சுற்றிலும் வேப்பங்குலை செருகினாள். விடிகாலையிலேயே தலைக்குக் குளித்தவள், ஈரத்தலையை விரித்துவிட்டபடி, பெரிய பொட்டோடு பானையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

இப்போது இதைப் படிக்கிற தர்மபுரிக்காரர்கள் யாராவது இருந்தால், நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஊரெல்லாம் மாரியம்மன் பண்டிகை. மஞ்சள் துணி கட்டிய பானை, வேப்பிலை, விரித்த தலை, அம்மனுக்குக் கூழ் ஊற்றப் போகிற அதே கோலம். எங்களுக்கு மட்டும் ஒன்றும் உறைக்கவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கஞ்சி என்றால் ஊர் நினைவு. எனக்குக் கஞ்சி என்றால் அத்தியாயம்.

பஸ்ஸில் கண்டக்டர் முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி அம்மாவுக்கு இடம் கொடுத்தார். பானைக்கு லக்கேஜ் போடவில்லை. இறங்கும்போது இரண்டு பேர் ஓடிவந்து பானையைப் பிடித்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

சந்தையில் கிழங்கைக் குவித்து, பக்கத்தில் பானையை இறக்கினோம். கூட்டத்தைக் கூப்பிட நான் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டத் தொடங்கினேன். (விளம்பரம், அடுத்த அத்தியாயம்.) முதலில் வந்த பெரியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார். கஞ்சியை வாங்கிக் குடித்துவிட்டு, கையைத் தலையில் துடைத்துக்கொண்டார். வாடிக்கையாளர் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்வார் என்று புத்தகத்தில் இல்லை.

பிறகு வரிசை நின்றது. சொம்பு கொண்டுவந்தார்கள், தூக்குப்போசி கொண்டுவந்தார்கள். கத்தரிக்காய் விற்கிறவர் கூடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார். அம்மாவுக்கு அன்றைக்கு இருந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மீசாலையில் கஞ்சி காய்ச்சினால் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களையும் கூப்பிட்டுக் கொடுப்பார்களாம். முகாமில் எல்லாம் அளந்து வாழ்ந்தவள், அன்று அளவில்லாமல் ஊற்றினாள். "வடிவாக் குடியுங்கோ, இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்று ஒவ்வொருவரையும் கேட்டாள்.

நான்தான் அவசரப்பட்டேன். "அக்கா, இந்தக் கிழங்குலதான் செஞ்சது. வாங்கிட்டுப் போங்க, வீட்டுலயே செய்யலாம்," என்று ஒரு பெண்ணிடம் கிழங்கை நீட்டினேன். அவர் பயபக்தியோடு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"காசுக்கா," என்றேன்.

"சாமிப் பொருளைக் காசுக்கு விக்கக் கூடாது கண்ணு. பாவம், சின்னப் பொண்ணு, தெரியல உனக்கு," என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அவரைப் பார்த்து அடுத்தவர் ஒன்று எடுத்தார். சாமி மாடத்தில் வைக்க என்று இன்னொருவர் எடுத்தார். யாரோ கிழங்குக் குவியலுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு எனக்கு முன்பே விளங்கிவிட்டது போலிருக்கிறது. தான் வருடக்கணக்கில் வாயில் வைக்காமல் பெருக்கியது, கண் எதிரில் முந்தானை முந்தானையாக நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரையும் தடுக்கவில்லை.

கெம்பம்மா அக்கா தக்காளிக்கூடைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்தார். அந்த மூலை தனக்குத்தான் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அந்த நேரம் பார்த்து, பண்டிகைக்குப் பம்பை அடிக்கப் போகிற ஆட்கள் சந்தை வழியாக வந்தார்கள். கூழ் ஊற்றுவதைப் பார்த்தால் சும்மா போவார்களா? நின்று அடித்தார்கள்.

முதல் சுற்று அடியிலேயே கெம்பம்மா அக்காவின் தோள் குலுங்கியது. இரண்டாவது சுற்றில் எழுந்துவிட்டார். தக்காளி உருண்டது. கொண்டை அவிழ்ந்தது. மாதையன் அண்ணன் ஓடிவந்து பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"தாயே, எதுக்கு வந்திருக்கற? உனக்கு என்னா வேணும்?"

"எனக்குக் கூழு ஊத்தின புள்ளைங்க கேக்கட்டும்," என்றது கெம்பம்மா அக்காவின் வாய்.

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அம்மா கரண்டியோடு உறைந்துபோனாள். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். (வாடிக்கையாளர் குறைதீர்ப்பு நாங்கள் படிக்காத அத்தியாயம்.) அப்பா முன்னால் போனார். முகாமில் செக்கிங் வரிசையில் பேர் கூப்பிட்டால் 'இருக்கிறன்' என்பதைத் தவிர வாய் திறக்காத மனிதர். யாரிடமும் எதுவும் கேட்காதவர். கிழங்கைப் பற்றிக் கேட்கப் போகிறார், அந்த மூலையை விட்டுவிடச் சொல்லிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கையைக் கூப்பினார்.

"நாங்கள் எப்ப தாயே ஊருக்குப் போவம்?"

பம்பைக்காரர் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அப்பாவின் மனதில் இத்தனை வருடமும் இந்த ஒரு கேள்விதான் இருந்திருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"எந்தூரு?" என்றது சாமி.

"மீசாலை."

சாமி கொஞ்ச நேரம் ஆடியது. மீசாலை எந்தப் பஸ் ரூட்டில் இருக்கிறது என்று யோசித்ததோ என்னவோ.

"அடுத்த பங்குனிக்கு இதே கூழு இதே எடத்துல ஊத்து. சொல்றேன்."

சொல்லிவிட்டு மலையேறியது. கெம்பம்மா அக்கா உட்கார்ந்து, "ஒரு சோடா வாங்கிக் குடுங்க," என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்கள் மூவரிடமும் வெறும் பானைதான் இருந்தது. விதைக்கென்று மூலையில் தோண்டாமல் விட்டதைத் தவிர ஒரு கிழங்கு மிச்சமில்லை. மடியில் பானையை வைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பாதி வழியில்தான் சுரீர் என்றது. "இஞ்சருங்கோ, நீங்கள் ஒரு வாய் குடிக்கேல்லையே," என்றாள். அவள் பானைக்குள் கைவிட்டு, அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து அவரிடம் நீட்டினாள். பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அவர் வாயில் வாங்கிக்கொண்டார். நீண்ட நேரம் விழுங்காமல் வைத்திருந்தார். கண் இரண்டும் கலங்கிவிட்டது.

"சீனி கூடிப்போச்சு," என்றார்.

மறுநாள் கெம்பம்மா அக்கா மண்வெட்டியோடு மூலைக்கு வந்தார். மாதையன் அண்ணன் மறித்து நின்றுகொண்டார்.

"நீதான்டி அடுத்த வருசமும் இதே கூழு வேணும்னு கேட்ட. கெழங்கைப் புடுங்கிட்டு எதுல ஊத்துவாங்க? சாமி குத்தம் ஆயிடும்."

"நான் எங்க கேட்டேன்? எனக்கு ஒண்ணும் தெரியாது."

"சந்தையே கேட்டுச்சு."

கெம்பம்மா அக்கா அந்தக் கொடியை முறைத்த முறைப்பில் அது பட்டுப்போயிருக்க வேண்டும். ஆனால் அதன்பிறகு அவர்தான் அதற்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார், தன் வாயால் கேட்டுவிட்டாரே.

அன்றிலிருந்து ஒவ்வொரு பங்குனியிலும் சந்தையில் நாங்கள் ஊதாக் கஞ்சி ஊற்றுகிறோம். ஒவ்வொரு பங்குனியிலும் அக்காவுக்குச் சாமி வரும், அப்பா அதே கேள்வியைக் கேட்பார், சாமி அதே பதிலைச் சொல்லும். எங்கள் வீட்டில் எதற்குமே இப்போது அதுதான் பதில். கல்யாணம் எப்போது என்று யாராவது என்னைக் கேட்டால், அடுத்த பங்குனிக்குச் சொல்றேன். குடியுரிமை மனு என்ன ஆயிற்று, அடுத்த பங்குனிக்குச் சொல்றேன். சோறு வெந்ததா என்று கேட்டால்கூட அம்மா அதையே சொல்கிறாள். எல்லோரும் சிரிப்போம், அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

கிழங்கும் பிழைத்துக்கொண்டது. எங்களிடம் விதை வாங்கிப் பலர் வேலியில் ஏற்றிவிட்டார்கள். அம்மன் கிழங்கு என்று பெயர். பண்டிகைக்கு ஊற்றியது போக மிச்சத்தைச் சந்தையில் காசு கொடுத்தே வாங்குகிறார்கள். இராசவள்ளி என்றால் யாருக்கும் தெரியாது. அதை யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. எங்களைச் செக்கிங்கில் இன்னும் கேட்கிறார்கள்.

போன பங்குனியில் அப்பாவுக்கு முட்டிவலி, சந்தைக்கு வரவில்லை. அம்மாவும் நானும் போனோம். பம்பை அடித்தார்கள், அக்காவுக்குச் சாமி வந்தது. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தது.

"எங்க அந்த மீசாலைக்காரன்? வந்து கேக்கச் சொல்லு."

கூட்டம் என்னைப் பார்த்தது. அம்மா என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். பார்க்காத ஊருக்காக எப்படி ஏங்குவது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்க வாய் திறந்தபோதுதான் தெரிந்தது, ஏக்கம் எனக்கும் இருந்திருக்கிறது. வெளியில் பேசும் என் தர்மபுரித் தமிழிலேயே கேட்டேன். "எங்க ஊருக்கு எப்ப தாயே போவோம்?"

வீட்டுக்கு வந்தபோது அப்பா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தூக்குப்போசியில் அவருக்கு என்று தனியாக எடுத்து வைத்திருந்த கஞ்சியைக் கொடுத்தேன்.

"கேட்டனியோ?"

"கேட்டேன் அப்பா."

"என்னவாம்?"

"அடுத்த பங்குனிக்காம்."

அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப விதைக்கிழங்கை எடுத்து வை, பிள்ளை. மழைக்கு முன்னம் நடவேணும்."