மூன்றாம் கியருக்கு ஒரு மூளை

"படார்!"

உப்புவெளிச் சோதனைச் சாவடியில் நின்ற ஆறு ஆமிக்காரரும் ஒரே நேரத்தில் மண்மூட்டைகளுக்குப் பின்னால் விழுந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் சைக்கிளோடு விழுந்தார்கள். தவராசா மட்டும் விழவில்லை. காருக்குள் இருந்ததால் விழ இடமில்லை. ஆகவே இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டார்.

"சுட்டது யார்?" என்று மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஒருத்தரும் சுடேல்லை சேர். டர்போ."

"எத்தனை டர்போ?"

"ஒண்டுதான் சேர்."

"எங்க ஒளிச்சிருக்கு?"

"ஒளிக்கேல்லை சேர். முன்னுக்கு, பொனற்றுக்குக் கீழை."

அவரையே பொனற்றைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பத்து யார் தூரம் தள்ளி நின்று பார்த்தார்கள். ஒன்றரை மணித்தியாலம் கழித்து, பதிவேட்டில் 'டர்போ, ஒன்று' என்று சிங்களத்தில் எழுதிக்கொண்டு போகவிட்டார்கள்.

தவராசா துறைமுகத்தில் எழுதுவினைஞர். அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, யுத்த காலம். வீட்டிலிருந்து வேலைக்கு நாலு மைல். அதற்குள் ஐந்து சாவடிகள். ஒவ்வொன்றிலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, திரும்ப ஏறவேண்டும். நடந்து போகிறவர்கள் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். இந்த ஊரில், இந்தப் பாதையில் ஓடுவதற்காகத்தான் அவர் தன் பழைய காருக்கு யப்பான் டர்போ எஞ்சின் பூட்டியிருந்தார். நாலாம் சாவடிக்கும் ஐந்தாம் சாவடிக்கும் இடையில் கடலோரமாக அரை மைல் நேர் பாதை உண்டு. அதில் மூன்றாம் கியர் போடலாம். அந்த அரை மைலுக்காக அவர் உயிரோடு இருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

அன்று வேலைக்குப் போகாமல் நேரே மெக்கானிக் வின்சன்டின் கராஜுக்குக் காரை விட்டார்.

"எஞ்சின் புதுசு, கம்பியூட்டர் பழசு, அண்ணை" என்றான் வின்சன்ட். "டர்போ காத்தை அடிச்சுத் தள்ளுது. அதுக்கு எவ்வளவு பெற்றோல் விடுறது, எந்த நேரம் பொறி அடிக்கிறது எண்டு இந்தக் கம்பியூட்டருக்குத் தெரியாது. அதுதான் வெடிக்குது."

"அப்ப என்ன செய்யலாம்?"

"மூண்டு வழி இருக்கு. இருக்கிற கம்பியூட்டரோடை ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டி அதை ஏமாத்தலாம். இல்லாட்டி, இந்த எஞ்சினோடை யப்பானிலை இருந்த கம்பியூட்டரையே தேடிப் போடலாம். மூண்டாவது, நாங்கள் சொல்லுறபடி கேக்கிற கம்பியூட்டர். எல்லாத்தையும் நாங்களே எழுதிக் குடுக்கலாம்."

"எது நல்லது?"

"மூண்டாவதுதான்."

"எது சின்னன்?"

வின்சன்டுக்குக் கேள்வி விளங்கவில்லை. தவராசாவுக்கு விளங்கியிருந்தது. கொழும்பிலிருந்து வரும் பாதை முழுக்கச் சோதனை. வயர் தொங்குகிற சாமான் எதுவும் தப்பாது. உலகத்தில் மற்றவர்கள் எஞ்சினைப் பார்த்துக் கம்பியூட்டர் தெரிவுசெய்வார்கள். அவர் சாவடியைப் பார்த்துத் தெரிவுசெய்தார்.

கிண்ணியா கலீலுர் றஹ்மான் லொறி ஓட்டுகிறவர். சின்னப் பெட்டியை ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். வின்சன்ட் பூட்டினான்.

அதுவரை ஒரு சாவடியில் மட்டும் வெடித்த கார், அதன்பிறகு ஐந்திலும் வெடித்தது. பாகுபாடு காட்டவில்லை. மூன்றாம் நாள் தூரத்தில் அவர் காரைக் கண்டதுமே ஆமிக்காரர்கள் படுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

"இனிமேல் சத்தம் வந்தா கார் எங்கட" என்றார் கோப்ரல்.

ஆகவே இரண்டாவது வழி. யப்பான் கம்பியூட்டர் வந்தது. "இது நல்ல குணமான சாமான், அண்ணை" என்றான் வின்சன்ட். "எஞ்சின் தட்டுற சத்தத்தைக் காது குடுத்துக் கேக்கும். தட்டினா உடனே வேகத்தைக் குறைச்சுப்போடும்."

அது கேட்டது. குறைத்தது. மேலும் கேட்டது. மேலும் குறைத்தது. வெடி நின்றுவிட்டது, காரும் ஏறக்குறைய நின்றுவிட்டது. கடலோர நேர் பாதையில் மூன்றாம் கியர் போட்டு மிதித்தபோது, பின்னால் சைக்கிளில் வந்த பாக்கியரத்தினம் மாஸ்டர் பக்கத்தில் வந்து, கொஞ்ச நேரம் கூடவே ஓட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன தவராசா, இறங்கித் தள்ளிவிடட்டே?"

மாஸ்டர் மணியடித்துவிட்டு முந்திப் போனார்.

"எனக்கெண்டா இது நல்ல கம்பியூட்டராத்தான் தெரியுது" என்றாள் மனைவி இராசமலர், சோற்றைப் போட்டபடி. "சத்தமும் இல்லை. இதோடை விடுங்கோவன்."

"உமக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாதப்பா" என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

மூன்றாவது கம்பியூட்டரைக் கொண்டுவர கலீலுர் றஹ்மான் மறுத்துவிட்டார். "சவர்க்காரப் பெட்டி எண்டாக் கொண்டாருவன். இதிலை நாப்பது வயர் தொங்குது. எனக்கு ஏலாது. எனக்கு நாலு புள்ளையள் இருக்கு."

தவராசா இரண்டு நாள் லீவு போட்டுத் தானே கொழும்புக்குப் போய் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். ஊருக்குள் நுழைகிற இடத்தில் நேவிக்காரர்கள் பையைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

"இது என்ன?" என்று முகாமில் அதிகாரி கேட்டார்.

"கம்பியூட்டர் சேர்."

"ஸ்கிரீன் எங்க?"

"இதுக்கு ஸ்கிரீன் இல்லை சேர்."

"கீபோட்?"

"அதுவும் இல்லை."

"அப்ப இது என்ன செய்யும்?"

தவராசா உண்மை பேசிப் பழகியவர். "சரியான நேரத்திலை பொறி அடிக்கும் சேர்" என்றார்.

இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள்.

இரண்டு நாளும் இராசமலர் முகாம் வாசலில் குடையோடும் சாப்பாட்டுப் பார்சலோடும் நின்றாள். கிராம சேவகரின் கடிதம், துறைமுக அலுவலகத்தின் கடிதம், கோயில் ஐயரின் கடிதம் எல்லாம் கொண்டுவந்தாள். விட்டபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் என்னாலைதான், என்னாலைதான்" என்று அழுதாள்.

தவராசாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. "நீர் என்னப்பா செய்வீர்? எல்லாம் கம்பியூட்டர் செய்த வேலை" என்று தேற்றினார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்தில் அவளை அவர் தேற்றியது அதுதான் முதல் தடவை.

அந்தச் சாமானைத் திருப்பிக் கொடுத்தபோது நேவி ஒரு நிபந்தனை போட்டது: தங்கள் எஞ்சினியரின் கண்ணுக்கு முன்னால்தான் பூட்டவேண்டும். வந்தவன் ஓர் இளம் லெப்டினன்ட். மடிக்கணினியும் கொண்டுவந்திருந்தான். ஆறு மாதமாகப் படகுப் பம்புகளைத் தவிர வேறெதையும் கண்டிராதவன் போலும். டர்போவைக் கண்டதும் குழந்தைப்பிள்ளை மாதிரிச் சிரித்தான்.

வின்சன்ட் பூட்டினான். லெப்டினன்ட் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு தவராசாவுக்குப் பக்கத்தில் ஏறினான். ஒரு சாவடியிலும் மறிக்கவில்லை. கடலோரப் பாதையில் மூன்றாம் கியர் விழுந்தது. தவராசா கண்ணை மூடாத குறையாக மிதித்தார்.

டக், டக், டக் என்று எஞ்சின் தட்டியது. கறுத்த புகை கடலை மறைத்தது.

லெப்டினன்ட் எண்களை மாற்றினான். திரும்ப ஓடினார்கள். திரும்பத் தட்டியது. நாலாவது தடவை அவன் மடிக்கணினியை மூடிவிட்டு இறங்கிப்போய், பெற்றோல் மூடியைக் கழற்றி மணந்து பார்த்தான்.

"மிஸ்டர் தவராசா, கம்பியூட்டர் நல்லது. எஞ்சின் நல்லது. ஆனா இது பெற்றோல் இல்லை. நிறைய மண்ணெண்ணெய். எந்தக் கம்பியூட்டர் போட்டாலும் ஒண்டும் செய்ய ஏலாது."

தவராசாவின் காதுகள் சிவந்தன. மூன்று கம்பியூட்டர்! இரண்டு நாள் சிறை! பாக்கியரத்தினம் மாஸ்டரின் மணிச்சத்தம்! அவர் பெற்றோல் அடிப்பது எப்போதும் ஒரே இடத்தில்தான். நேரே கூட்டுறவுச் சங்கப் பெற்றோல் செட்டுக்குள் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"கள்ளர்!" என்று இறங்கும்போதே கத்தினார். "பெற்றோல் எண்டு சொல்லி மண்ணெண்ணெய் விக்கிறியள்! சனத்தை ஏமாத்திப் பிழைக்கிறியள்! மனேச்சரைக் கூப்பிடுங்கோ!"

பிளாஸ்டிக் கானோடு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அதுதானே, என்ரை மோட்டார் சைக்கிளும் புகைக்குது" என்று ஒருவர் சேர்ந்துகொண்டார். "என்ரை மனுசிக்குத் தலையிடி" என்றார் இன்னொருவர். கூட்டம் நெருக்கியது. பெற்றோல் அடிக்கிறவர் பம்பை விட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நான் இதை விடமாட்டன்! நேவி எஞ்சினியரே மணந்து பார்த்தவர்! பொலிசுக்குப் போவன்!"

மண்ணெண்ணெய்ப் பம்பில் வேலைசெய்கிற எல்சி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஆறுதலாக அவரிடம் வந்தாள்.

"கத்தாதேங்கோ அண்ணை, எங்கடை பெற்றோலிலை ஒரு கலப்பும் இல்லை, நீங்கள் டர்போ பூட்டின நாளிலை இருந்து மலர் அக்காதான் கிழமைக்கு ஆறு போத்தில் மண்ணெண்ணெய் என்னட்டை வாங்கிக்கொண்டுபோய் உங்கடை காருக்குள்ளை ஊத்திறவ, 'இந்த மனுசன் ஆமிச் சென்றியடியிலை வேகமா ஓடினா சுட்டுப்போடுவாங்கள் எல்சி, கார் ஓடாட்டி வீட்டை உயிரோடை வந்து சேருவார்' எண்டு சொல்லி."