டாக்டர் வீட்டுக் கோணல் தரை

டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் கார் ஷெட்டின் தரையில் வைத்த எலுமிச்சம்பழம் ஒரு கணம் யோசித்தது. பிறகு விறுவிறுவென்று உருண்டு, வாசலில் நின்ற கொத்தனார் நல்லதம்பியின் காலடியில் போய்ச் சேர்ந்தது.

"பாத்தியா? இதுக்குப் பேர் தரையா?"

"விரிசல்னுதானே கூப்பிட்டு விட்டீங்க? அதைப் பூசிட்டுப் போயிடறேங்க. சரிவு அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"சரிவும் போகணும். பன்னிரண்டு வருஷம் பொறுத்தாச்சு."

கலவை குழைத்துக்கொண்டிருந்த சித்தாள் காளியாயி நிமிர்ந்தாள். "அதை விட்டுடுங்களேன் ஐயா..."

"உன்னை யாரு கேட்டா?" என்றார் நல்லதம்பி.

தென்னூரில் அந்த ஷெட்டைக் கட்டியது 1926-ல். டாக்டர் அப்போது மதராஸில் இருந்தார். மேற்பார்வை அவர் மனைவி பாக்கியமேரி. டாக்டர் திரும்பி வந்து பார்த்தால், கான்கிரீட் தரை வாசல் பக்கம் அரையடி தாழ்ந்திருந்தது. "எவனோ ஒரு கொத்தன் உன்னை நல்லா ஏமாத்திட்டான்!" என்று அன்று ஆரம்பித்த சண்டை, மழைக்கு ஒரு தரம், விருந்தாளிக்கு ஒரு தரம் என்று நடந்துகொண்டே இருந்தது. அந்த அம்மாள் பதில் சொன்னதே இல்லை. சிரிப்பாள்.

அவளை அடக்கம் செய்து பத்து நாள் ஆகியிருந்தது. வீட்டில் சண்டை போட ஆளில்லை. தரை மட்டும் மிச்சம்.

வாசல் பக்கம் அரையடி உயர்த்தினார்கள். மட்டம் பிரமாதமாக வந்தது. ஆனால், உள்பக்கம் திறக்கிற கதவு புதுத் தரையில் இடித்துத் திறக்க மறுத்தது.

கதவின் அடியை அறுக்கத் தச்சர் வந்தார். தாராள மனசு, முக்கால் அடியாக அறுத்துவிட்டார். அந்தச் சந்து வழியாக ஒரு தெருநாய் நுழைந்து, நாலு குட்டி போட்டது.

நாய்க்குத் தடையாக வாசலில் ஒரு வரம்பு கட்டினார்கள். அன்று பார்த்து மழை. ஓடு ஒழுகி இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் ஷெட்டுக்குள் குளமாக நின்றது. நாய்க் குடும்பத்தை டாக்டரே தூக்கிக்கொண்டு போய், நோயாளிகள் உட்காரும் அறையில் விட்டார்.

"சிரிக்காதே, மேரி!" என்றார் சமையலறைப் பக்கம் திரும்பி.

அங்கே யாரும் சிரிக்கவில்லை. பிறகு, "வரம்பை உடைச்சிடு, நல்லதம்பி" என்றார் மெதுவாக.

முப்பதாம் நாள் வந்தது. காலையில் கோயிலில் பாக்கியமேரிக்குப் பூசை. முந்தின நாள்தான் காரைப் பின்பக்கமாக ஷெட்டுக்குள் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல் பிரேக்கை விட்டார்.

இத்தனை வருஷமாகப் பிரேக்கை விட்டதும் தானே வாசலை நோக்கி உருண்டு, அந்த வேகத்திலேயே எஞ்சின் பிடித்துக் கிளம்பிவிடும் வண்டி, அன்று கல் மாதிரி நின்றது.

எஞ்சினைச் சுற்றிக் கிளப்ப, சீட்டுக்கு அடியில் கிடந்த இரும்பு ஹேண்டிலை எடுத்தார். துருப்பிடித்திருந்தது. வண்டியின் முகத்தில் செருகிச் சுற்றினார். இருமல் மாதிரி ஒரு சத்தம். மறுபடி சுற்றினார். மூன்றாவது சுற்றில் கை நெஞ்சுக்குப் போனது. வியர்த்து வழிய, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மிச்ச ஜல்லியை அள்ள வந்த காளியாயி கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவர் கையிலிருந்து ஹேண்டிலைப் பிடுங்கினாள்.

"பூசைக்கு மணியடிச்சிடும், குடு!" என்றார் டாக்டர், மூச்சு வாங்க. "ஒரு கோணல் தரையைச் சரி பண்ணப் போய்..."

"கோணல் இல்லீங்க ஐயா. ஷெட்டைக் கட்டின அன்னிக்கும் நான்தான் மண் சுமந்தேன். 'அவருக்கு நெஞ்சு சரியில்லை, சொன்னா கோபம் வரும், ஹேண்டில் சுத்தாமலே வண்டி கிளம்பணும்'னு அம்மாதான் கூடவே நின்னு அந்தச் சரிவை வைக்கச் சொன்னாங்க."