சந்தோஷம் அளக்க வருகிறவர்

சந்தோஷம் அளக்கிறவர் என்று ஒரு வகை மனுஷர் இருக்கிறார். ஷிரே ஆற்றங்கரையில் எந்த ஊரில் கேட்டாலும் சொல்வார்கள். சந்தையில் சோளம் அளக்கிறவளிடம் ஒரே ஒரு படிதான் இருக்கும். இவரிடம் பத்துப் படி, பெரிய போனில் வரைந்த ஏணியாக. உச்சிப் படியில் நின்றால் சொர்க்கம், அடியில் நின்றால் நாய்ப் பிழைப்பு, நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்பார். மாமர நிழலில் நாற்காலி போட்டால்தான் கேட்பார். எங்கள் தண்ணீரைத் தொடமாட்டார், புட்டியில் கொண்டுவந்ததைக் குடித்துக்கொண்டே எங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி என்று எங்களையே விசாரிப்பார். வேறு தேசத்து ஆளா? இல்லை, எங்கள் மலாவிக்காரர்தான். தலைநகரத்துக்குப் போய் ஊர்ப் பழக்கத்தை மறந்தவர்.

என்ன பழக்கம் என்கிறீர்களா? எங்களிடம் யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும், நல்லா இருக்கேன், நீங்க எப்படி என்றுதான் முதலில் சொல்ல வேண்டும். வீட்டில் பிணம் கிடந்தாலும் அதுதான். என் புருஷன் செத்த அன்றைக்குச் சேதி சொல்ல அவர் தம்பி வீட்டுக்குப் போனேன். நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டுத்தான் அழுதேன். கஷ்டமெல்லாம் இரண்டாவது பேச்சு. கேட்டவர் கொஞ்சம் உட்கார வேண்டும், அப்புறம்தான் அது வெளியே வரும். அளக்கிறவருக்கு அதற்கு ஏது நேரம்? முதல் பேச்சைக் குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

போன தடவை வந்தவர் பெயர் கலிமா. எங்கள் அடிபம்பு உடைந்து, பெண்கள் ஆற்றில் தண்ணீர் மொள்ளப் போய், பக்கத்து வீட்டு ஃபலேசியின் கையை முதலை கவ்வியிருந்த சமயம். ஏணியில் கீழே நிற்கிற ஊருக்குத்தான் புதுப் பம்பு என்று பேச்சு. எல்லாரும் நல்லா இல்லை என்றே சொல்லுங்கள் என்று ஊர்த்தலைவர் வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தார். கட்டுப் போட்ட கையோடு ஃபலேசியை முதலில் உட்கார வைத்தோம்.

கலிமா சிரித்துக்கொண்டே, "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கேன்யா. நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்மா. அப்ப எட்டாம் படின்னு போட்டுக்கவா?"

விருந்தாளியை மறுத்துப் பேசலாமா? "உங்க இஷ்டம்யா" என்றாள் அந்தப் பைத்தியக்காரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்யா, அவ கையப் பாத்தியா? முதலை கடிச்ச கைய்யா அது."

"கைக்குத் தனிக் கேள்வி பெரியம்மா. அதுக்கு வேற ஆள் வருவாரு. நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்க?" பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது. நாக்கைக் கடிப்பதற்குள் அவர் விரலால் தட்டிவிட்டார். எனக்கு ஒன்பதாம் படியாம்!

இவ்வளவு சந்தோஷமான ஊரைப் பார்த்ததே இல்லை என்று பாராட்டிவிட்டு வண்டி ஏறினார். பம்பு எதிர்க்கரைக்குப் போனது. அந்த ஊரார் மரியாதை தெரியாதவர்கள், ஆளைக் கண்டதுமே புலம்பினார்களாம். ஃபலேசி இப்போதும் ஆற்றுக்குத்தான் போகிறாள். குடத்தை மற்ற கையில் பிடித்துக்கொள்கிறாள்.

கலிமாவை நினைத்துச் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். இன்றைக்குக் காலையில் தெருவில் யாரோ ஒருத்தியைப் பார்த்து நல்லா இருக்கியா என்று நீங்களும்தான் கேட்டீர்கள். அவள் பதில் சொல்லி முடித்தபோது நீங்கள் எத்தனை வீடு தாண்டியிருந்தீர்கள்?