பசு வந்த பிறகுதான் பாத்ரூம்

மணி ஒன்பதே முக்கால். அவனியாபுரத்துப் புது வீட்டின் ஹாலில் நின்ற பசு, அரை மணி நேரமாக வாலைக்கூடத் தூக்கவில்லை.

“மாடு உள்ள நீர் விட்டாத்தேன் பால் காச்சுவேன். எங்க வழக்கம் அது,” என்றார் மாமியார் அன்னக்கொடி. “பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள விடலைன்னா அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

அடுத்த மாசம் வரை எங்கே இருப்பது? ஆரப்பாளையம் வாடகை வீட்டுக்கு நாளைக் காலை வேறு குடும்பம் வருகிறது. சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நிற்கிறது.

மருமகள் தமிழ்வாணி கால்நடை டாக்டர். பாலூட்டிகளின் மூத்திரப்பையை எந்தெந்த நரம்பு ஆட்டிவைக்கிறது என்று ஐந்து வருடம் ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். அதைச் சொந்தபந்தத்திடம் சொல்லக் கூசி, “ஏதோ மாட்டுப் படிப்பு” என்று மழுப்பிவிடுவார் மாமியார். அந்தக் கோபம் வாணிக்கு உண்டு. இன்றைக்கு அவள் விடுவதாக இல்லை.

“என்கிட்ட விடுங்கத்தை. நான் படிச்சதே இதைத்தான்.”

சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த மாமனார் ஜெயபாண்டி தொண்டையைக் கனைத்தார். அவருக்கு முழங்கால் வலியும் உண்டு, சர்க்கரையும் உண்டு. “ஆத்தா வாணி, நான் ஒரே ஒருதடவ பாத்ரூமுக்கு...”

“மாட்டுக்கு முன்னாடி மனுசரு போகக் கூடாது,” என்று அன்னக்கொடி முடித்துவிட்டார். “நாங்கள்லாம் காலையில இருந்து அடக்கிக்கிட்டுத்தான இருக்கோம்?”

வாணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பசுவின் பின்னால் போனாள். வாலுக்குக் கீழே மெல்லத் தடவினால் சேதி முதுகுத்தண்டின் அடிக்குப் போகும். அங்கிருந்து ஒரு நரம்பு பையைச் சுருக்கும். மூளையைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தாய் நாய் குட்டியை நக்கிவிடுவதும் இதற்காகத்தான்.

அவள் தடவினாள். பசு ஓர் உதை விட்டது. நிறைகுடம் உருண்டு, கோலம் கரைந்தது.

“போன வாரம் நீங்கதான டாக்டரம்மா இதுக்கு ஊசி போட்டீக?” என்றாள் பசுவைக் கொண்டுவந்த ராமக்காள். “அது மறக்கல.”

பயந்த மாட்டுக்கு இன்னொரு நரம்பு விழித்துக்கொண்டு பையை விரியவிடும், பையின் வாயைப் பூட்டிவிடும். சுற்றிக் கூட்டம் நின்றால் பயம் எப்படித் தெளியும்? முழங்கால் வலிக்கார மாமனாரை மட்டும் நாற்காலியிலேயே விட்டுவிட்டு, வாணி சொந்தக்காரர்கள் பத்துப் பேரையும் வெயிலுக்கு அனுப்பினாள். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறி முடிக்கவும், பக்கத்து ஏர்போர்ட்டுக்குப் போகும் விமானம் ஒன்று மொட்டைமாடியை உரசுவதுபோல் இறங்கவும் சரியாக இருந்தது. பசு வாலை இடுக்கிக்கொண்டது.

அடுத்து, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் விழும் சத்தத்தில் மாடு அமைதியாகும் என்று ஒரு கணக்கு.

ஜன்னலில் அவள் கணவன் அழகுபாண்டியின் முகம் தெரிந்தது. “வாணி, அந்தப் பைப்ப மூடு. வெளிய அம்புட்டுப் பேரும் நெளியிறாக. எங்க சித்தப்பா முள்ளுக்காட்டுப் பக்கம் ஓடிட்டாரு.”

“மூட மாட்டேன்.”

மணி பத்து இருபது. பசு சாவகாசமாக அசைபோட்டது. வாணி அதன் கண்ணைப் பார்த்தாள். அது அவளுடைய கையைப் பார்த்தது. அதற்கு இன்னும் ஊசி ஞாபகம்தான். தொல்லை தானேதான் என்று அவளுக்குப் புரிந்தது. ஐந்து வருடப் படிப்பை வாசல்படி தாண்டிக் கொண்டுபோய் நிறுத்துவது வலித்தது. ஆனாலும் வெளியே கிளம்பினாள்.

“மாமா, நீங்க எந்திரிக்க வேணாம். அப்படியே அசையாம, பதறாம, உடம்பைத் தளர்த்தி உக்காந்திருங்க. நீங்க நிம்மதியா இருந்தா அதுவும் நிம்மதியா இருக்கும்.”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ராமக்காள் மட்டும் கயிற்றைப் பிடித்தபடி நிலைப்படியில் நின்றாள்.

பத்து இருபத்தாறுக்கு அவள் குரல் வந்தது. “டாக்டரம்மா, தரை நனைஞ்சிருச்சு.”

எல்லாரும் உள்ளே பாய்ந்தார்கள். புது டைல்ஸில், பசுவின் பின்னங்கால் வரைக்கும் பளபளவென்று ஈரம். அன்னக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. மாவிலையைத் தோய்த்து நாலு மூலையிலும் தெளித்தார், வந்தவர்கள் தலையிலும் தெளித்தார், தன் நெற்றியிலும் தொட்டு வைத்துக்கொண்டார்.

“எம் மருமக மூத்திர நரம்புல டாக்டர் பட்டம் வாங்குனவ,” என்று சித்தப்பா காதிலும் விழும்படி சொன்னார். “மதுரையில அவள அடிச்சுக்க ஆளில்ல.”

இந்த ஒரு வார்த்தைக்காக வாணி கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தாள். பத்து இருபத்தொன்பதுக்குப் பால் பொங்கியது. கூட்டம் மொத்தமும் பாத்ரூம் வாசலில் வரிசை கட்டியது. மாமனார் மட்டும் மடியில் துண்டை விரித்துக்கொண்டு, நாற்காலியைவிட்டு அசையாமல் இருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ராமக்காள் பசுவை வெளியே திருப்பிக்கொண்டே வாணியின் காதருகே குனிந்தாள்.

“நான் மாட்ட வெரசா ஓட்டிட்டுப் போறேன் டாக்டரம்மா, அது இன்னும் அடக்கிக்கிட்டுத்தேன் நிக்கிது, நீங்க பெரியவருக்கு ஒரு மாத்து வேட்டி எடுத்துக் குடுங்க.”