சுங்கச்சாவடியைச் சுற்றிப் போகும் வழி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து என் வணக்கம். நாங்கள் இருவரும் நலம். அந்தப் பக்கத்தில் தாங்களும், சம்பந்தி அம்மாவும், மாப்பிள்ளையும், ஒன்பதாம் மாதத்தில் இருக்கும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கூப்பிடு தூரத்தில் இருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நான்கு நாட்களாக எங்கள் தெருவில் கால் வைக்க முடியவில்லை. தொலைபேசியில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், எழுத்தில் என்றால் கொஞ்சம் அடங்கியிருப்பேன் என்று என் மனைவி சொல்கிறாள்.

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான். எல்லை நெடுஞ்சாலையில், உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நட்டநடுவே சுங்கச்சாவடி வரப்போகிறது. நீங்கள் மருந்து வாங்க இங்கே வந்தாலும் கட்டணம், நான் மகளைப் பார்க்க அங்கே வந்தாலும் கட்டணம். அதுகூடப் போகட்டும். ஆஸ்பத்திரி இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். வலி எடுத்ததும் என் பழைய வேனில் நானே கூட்டிவருவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வேன் வரிசையில் பதினேழாவதாக நின்றால் என்ன ஆவது? பேரப்பிள்ளை பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'மூன்றாவது கவுண்டர்' என்றா எழுதுவது?

ஆகவே கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போனேன். பேசியவர்கள் எல்லோரும் புலம்பினார்களே தவிர ஒருவருக்கும் விவரம் சொல்லத் தெரியவில்லை. முப்பத்தோரு வருடம் லாரி ஓட்டியவன் நான். எந்தச் சுங்கச்சாவடியையும் நேருக்கு நேர் பார்த்ததில்லை. என் முறை வந்ததும் எழுந்து, "ஐயா, நீங்க சாவடி கட்டினா ஒரு லாரியும் அதுல வராது. எல்லாம் எங்க தெருவுக்குள்ளதான் நுழையும்" என்றேன். அதிகாரி சிரித்துவிட்டு, "அந்தத் தெருவுல சைக்கிளே திரும்பாதேய்யா, லாரி எப்படித் திரும்பும்?" என்றார். என் தொழிலைப் பார்த்தல்லவா சிரிக்கிறார்? எனக்குச் சுருக்கென்றது. சாக்பீஸை வாங்கினேன். டிரான்ஸ்பார்மரைத் தாண்டியதும் இடது பக்கம் ஒடிக்க வேண்டும், சலவைக்கடை வாசலில் கண்ணாடியை மடக்க வேண்டும், ரொட்டிக்கடைக்கு முன்னால் ஒரே ஒரு ரிவர்ஸ், அப்படியே எல்லையைத் தாண்டி, கடைசியாக என் சம்பந்தி வீட்டு மதிலுக்கு ஒரு விரற்கடை விட்டுத் திரும்பினால் மறுபடியும் நெடுஞ்சாலை என்று கரும்பலகை முழுக்க அம்புக்குறி போட்டுக் காட்டினேன். கைதட்டலில் கூரை பிய்ந்துகொண்டது. பின்வரிசையில் தட்டியவர்கள் அத்தனை பேரும் லாரி டிரைவர்கள் என்பதையும், தட்டி முடித்த கையோடு பலகையைப் படம்பிடித்துக்கொண்டார்கள் என்பதையும் வீட்டுக்கு வந்த பிறகுதான், கூட வந்திருந்த என் மனைவி சொன்னாள்.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே கதவைத் திறந்தால் வாசலில் பத்துச் சக்கர லாரி. "தம்பி, சாவடிதான் இன்னும் கட்டவே இல்லையே, இங்க ஏம்பா வந்தே?" என்று கேட்டேன். "கட்டறதுக்குள்ள கை பழகிக்கணும்ல, பெரியவரே? இந்த ரிவர்ஸ்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுது, ஒரு கை காட்டுங்களேன்" என்றான். வாயில் பிரஷ்ஷோடு கை காட்டினேன். பழக்கதோஷம், என்ன செய்வது? அவனுக்குப் பின்னால் பதினொரு லாரிகள் நின்றன.

இது போதாதென்று நேற்று ஓர் அறிவிப்பை ஒட்டியிருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர் ஒருவர் மனுக் கொடுத்தாராம். அதனால் எங்கள் தெருவையே எல்லையில் சுவர் வைத்து அடைத்துவிட்டு, எல்லா வண்டிகளையும் சாவடிக்குத் திருப்பப்போகிறார்களாம். யார் அந்த மகாபாவி? பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கும் பெற்றவனுக்கும் நடுவில் சுவர் எழுப்பச் சொல்ல அவனுக்கு எப்படி மனம் வந்தது? நான் விடுவதாக இல்லை. திங்கட்கிழமை காலை அந்தச் சுவருக்குக் குறிபோட்ட இடத்தில் பாய் விரித்து உட்காரப்போகிறேன். நெஞ்சு வலித்தாலும் எழுந்திருக்க மாட்டேன். தாங்கள் அந்தப் பக்கத்து ஜனங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கூடவே வந்து உட்கார வேண்டும்.

பெரியவர்களுக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு யாரும் எங்கேயும் குறுக்குக்கட்டை போடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் அடியும் பின்வாங்காத
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும்போது மகள் தொலைபேசியில் பேசினாள். "அப்பா, லெட்டர்ல யாரையும் திட்டிடலையே? மனுக் கொடுத்தது மாமாதான். முந்தாநாள் ஒரு லாரி நம்ம மதிலை இடிச்சுக்கிட்டு உள்ளேயே வந்துடுச்சு. நான் துணி எடுத்துட்டு உள்ள போன அடுத்த நிமிஷம்பா. உங்களுக்குப் பிரஷர் ஏறும்னுதான் சொல்லலை" என்றாள். டிரைவர் கையில் என் அம்புக்குறிப் படம் இருந்ததாம். மகாபாவி என்ற சொல்லைத் தயவுசெய்து எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். தெருவை அடைக்கச் சொல்லும் உங்கள் மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வரி மட்டும் சேருங்கள்: பிரசவத்துக்குப் போகும் வண்டி எந்த நேரத்தில் வந்தாலும் சாவடியில் நிறுத்தாமல் வழிவிட வேண்டும். அதை அவர்கள் எழுதிக் கொடுக்கும்வரை நாம் இருவரும் ஒரே பாயில் உட்காருவோம். அதற்கு முன்னால், நாளைக் காலை செங்கல்லோடு வருகிறேன். மதிலை நான்தான் கட்டித்தர வேண்டும்.