முப்பத்து மூன்று அங்குல மார்பு

எனக்கு மார்பு என்று ஒன்று இருப்பதே, இருபத்திரண்டாவது வயதில் சர்க்கார் கடிதம் போட்டுச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். அதுவரை அதைச் சட்டைக்குப் பொத்தான் போடுகிற இடம் என்றே நினைத்திருந்தேன்.

மைசூரை மகாராஜா ஆண்ட காலம். காட்டு இலாகா உத்தியோகத்துக்கு மனுப் போட்டிருந்தேன். (காட்டை நான் சாமுண்டி மலை ஏறும்போது ஓரமாகப் பார்த்ததோடு சரி.) எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன். அடுத்தது உடம்புப் பரிசோதனை. மார்புச் சுற்றளவு முப்பத்து மூன்று அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்றது கடிதம். தையற்காரர் நாடா வைத்து அளந்தார். முப்பத்தொன்று.

"மூச்சை இழுங்க சாமி" என்றார்.

"இழுத்துண்டுதான் நிக்கறேன்" என்றேன்.

சிரிக்கிற நிலையில் வீடு இல்லை. அம்மா போய் நாலு வருஷம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அப்பாவுக்கு இருதயம் பழுதாகிக் கால்கள் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் தலையணைகளை அடுக்கி, இரவும் பகலும் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். அதிக நாள் தாங்காது என்று டாக்டர் என்னிடமும் தங்கை ரங்குவிடமும் ரகசியமாகச் சொன்னார். அப்பா அதை எங்களுக்கு முன்பே ஊகித்துவிட்டார்.

"நீ காக்கிச் சட்டை போட்டுண்டு வாசல்ல நிக்கறதைப் பார்த்துட்டாப் போறும், சீனு" என்பார். அவர் கேட்டது அது ஒன்றுதான். ஓர் அறையில் அவர் அரை மூச்சுக்குத் திண்டாட, அடுத்த அறையில் நான் இரண்டு அங்குலத்துக்குத் திண்டாடினேன்.

பக்கத்து வீட்டில் கம்பவுண்டர் நஞ்சப்பா இருந்தார். கன்னடக்காரர், எங்களோடு பழகித் தமிழும் பேசுவார். அவர்தான் வழி சொன்னார்.

"கதவு நிலையை ரெண்டு பக்கமும் பிடி. ஒரு அடி முன்னாடி வை. மெதுவா சாய். நெஞ்சும் தோளும் இழுக்கறது தெரிஞ்சா அங்கேயே நில்லு, பத்து எண்ணு, விட்டுடு. வலிச்சா நிறுத்து. அவசரம் பேடா, நிதானமா செய். கூன் நிமிரும், அஷ்டே, அவ்வளவுதான். எலும்பு வளராது."

கடைசி இரண்டு வார்த்தைகள் என் காதில் ஏறவில்லை. பூஜை அறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அன்றே ஆரம்பித்தேன்.

அந்தச் சமயம் பார்த்து ஆவணி அவிட்டம் வந்தது. புதுப் பூணூல் போட்டுக்கொண்டேன். முதல் நாள் அது தொப்புளுக்குக் கீழே தொங்கியது. பத்து நாளில் தொப்புளுக்கு வந்தது. அடுத்த வாரம் அதையும் தாண்டி மேலே ஏறிவிட்டது. மார்பு விரிய விரியப் பூணூல் ஏறுகிறது என்று கணக்குப் போட்டேன். தினம் இரண்டு வேளை நனைத்தால் புது நூல் சுருங்கும் என்பது துணி துவைக்கிற ரங்குவுக்குத் தெரியும். அவளைக் கேட்க எனக்கு என்ன தலையெழுத்து? நான் பி.ஏ. அல்லவா!

"அப்பா, பூணூல் பத்தலை!" என்று போய் நின்றேன். அவர் கையை நீட்டி நூலைத் தொட்டுப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சந்தோஷம் பார்த்தேன். அதன்பின் வீட்டுக்கு வந்த பால்காரனிடம்கூட, மூச்சு வாங்கியபடியே, என் மார்பைப் பற்றிப் பேசினார்.

பரிசோதனைக்கு முதல் நாள், எதற்கும் இருக்கட்டும் என்று தையற்காரரிடம் போனேன். முப்பத்தொன்று. நாடா பழசு என்று சண்டை போட்டேன். வேறு நாடா எடுத்தார். அதுவும் முப்பத்தொன்று.

வீட்டுக்கு ஓடிவந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். "ரங்கு, பின்னால நின்னு முதுகைத் தள்ளு!"

"வேண்டாம் அண்ணா, பயமா இருக்கு."

"அப்பா என்னைக் காக்கிச் சட்டையில பார்க்கணுமா வேண்டாமா? தள்ளு! இன்னும்! பலமா!"

தள்ளினாள். வலது தோளில் என்னவோ கழன்றது. நான் போட்ட அலறல் தெருக்கோடிவரை கேட்டதாம். கண்ணைத் திறந்தபோது எதிரே அப்பா நின்றார். இரண்டு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்காதவர், சுவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த அறைவரை நடந்து வந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. "அவனை அசைக்காதே, ரங்கு. நஞ்சப்பாவைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

நஞ்சப்பா அப்பாவைத் தூக்கிக் கட்டிலில் சாய்த்தார். பிறகு என்னை ஜட்காவில் ஏற்றினார். தசராவுக்கு வந்த யானைகளை வேடிக்கை பார்க்கத் தெருவெல்லாம் கூட்டம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் கத்த, நஞ்சப்பா ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒரு அடி முன்னாடி வைன்னுதானே மாராயா சொன்னேன்? தங்கையைப் பின்னாடி வைன்னு சொன்னேனா?"

ஆஸ்பத்திரியில் தோளை மீண்டும் இடத்தில் பொருத்தி, கையை மார்போடு சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். மறுநாள் பரிசோதனைக்குப் போகவில்லை. உத்தியோகம் வேறொருவனுக்குப் போயிற்று.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒன்பதாம் நாள் காலை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். என் மார்புக் கட்டின்மேல் கை வைத்து, "எத்தனை அங்குலம்?" என்றார்.

"முப்பத்து மூணுப்பா." பொய் சொன்னேன்.

"கட்டோட சேர்த்தா?"

சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. சாயங்காலம் போய்விட்டார்.

பத்து நாள் காரியத்திலும் எள்ளும் ஜலமும் விட என் வலது கை எழவில்லை. ரங்கு கட்டைத் தளர்த்தி முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். காரியம் பண்ணிவைத்த வாத்தியார் முதலில் முகம் சுளித்தார், பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பூணூலை வலது தோளுக்கு மாற்றச் சொன்னபோதெல்லாம், கட்டின் மேலாக அவளேதான் மாற்றிவிட்டாள். அந்தச் சுருங்கிய நூல் ஒவ்வொரு தடவையும் முழங்கையில் மாட்டிக்கொண்டது.

பின்னால் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே யாரும் மார்பைக் கேட்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் எவரும் பெருமை பேச முடியாது. என் மகன் கணக்கில் தொண்ணூறு வாங்கினேன் என்றாலும் சரி, மருமகள் தான் பண்ணின தளிகை பிரமாதம் என்றாலும் சரி, "கட்டோட சேர்த்தா?" என்று நாலு குரல் கேட்கும். அப்பாவைப் பார்த்தே இராத பேரக்குழந்தைகளும் கேட்கிறார்கள்.

அப்பாவின் போன திவசத்தன்று சாப்பாடு முடிந்து நானும் ரங்குவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். "அப்பா அன்னிக்கு எழுந்து வந்ததாலதான் சீக்கிரம் போனார்னு ரொம்ப நாள் நினைச்சுண்டிருந்தேன். இப்போ மனசு சமாதானமாயிடுத்து" என்றேன்.

ரங்கு என் பக்கம் திரும்பினாள்.

"கட்டோட சேர்த்தா, அண்ணா?" என்றாள்.